பற்கள் டோர்ட்முண்டுக்குப் போக வேண்டும்

யோகா ஜேர்மன் மொழி படிக்கப் போனது முருங்கை விதையால்.

சிட்னியின் பிளாக்டவுனில் அவளுடைய வீட்டுப் பின்வளவில் மூன்று வருடமாக முருங்கை விதை ஊன்றிப் பார்த்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தும் ஒரு கல்லூரியின் கைநூலில், விதைகளை முளைக்க வைப்பது எப்படி என்று வீட்டுத் தோட்டக்காரருக்கு எட்டு வாரப் படிப்பு ஒன்று இருப்பதைக் கண்டாள். வேலைத்தலத்துத் தேநீர் இடைவேளையில் கல்லூரிக்குப் போன் எடுத்தாள். படிப்பின் பெயர் ஆங்கிலத்தில் 'ஜேர்மினேஷன்'. அதைத்தான் அவள் சொன்னாள். மறுமுனையில் இருந்த பிள்ளை, "ஜேர்மன் நேஷனா?" என்று கேட்டது. வெள்ளைக்காரர் ஒரு சொல்லை எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் அதன் சரியான உச்சரிப்பு என்பது யோகாவின் நெடுநாள் நம்பிக்கை. "யெஸ், யெஸ்" என்றாள்.

முதல் சனிக்கிழமை கையுறை, சின்ன மண்வெட்டி, ஒரு பை விதை எல்லாவற்றோடும் போய்ச் சேர்ந்தாள். ஹெல்கா என்ற ஆசிரியை பலகையில் 'குட்டன் டாக்' என்று எழுதினார். ஏதோ உரத்தின் பெயராக்கும் என்று யோகா கொப்பியில் எழுதிக்கொண்டாள். 'அது ஜேர்மன் மொழியில் வணக்கம்' என்று புரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அவள் தன் பெயரைச் சொல்ல, வகுப்பு முழுவதும் கைதட்டி முடித்திருந்தது. கைதட்டினவர்களை விட்டு எழும்பிப் போவது எப்படி? இருந்துவிட்டாள்.

அவள் அப்படிப்பட்டவள்தான். கொக்குவிலில் பிறந்து, வரதராஜாவைக் கட்டி, இருபத்தாறு வருடங்களுக்கு முன் சிட்னிக்கு வந்தவள். இப்போது ஐம்பத்திரண்டு வயது. வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கொதிநீராவியில் வைத்து, உறையிட்டு அனுப்புவது வேலை. ஒரு சத்திரசிகிச்சையையும் அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கத்தரிக்கோலில் மட்டும் அறுபது வகை தெரியும். ஒரே மகன் பேர்த்தில் வேலை செய்கிறான். யாருக்கும் எதற்கும் 'இல்லை' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஒருமுறை செத்தவீட்டுக்குப் போனபோது தவறான மண்டபத்துக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத ஒரு கிரேக்கக் கிழவருக்குக் கடைசிவரை அழுது, கோப்பி குடித்து, குடும்பப் படத்திலும் நின்றுவிட்டு வந்தாள். அந்தக் குடும்பம் இன்றைக்கும் அவளுக்கு ஈஸ்டருக்கு வாழ்த்து அனுப்புகிறது.

ஆச்சரியம் என்னவென்றால், ஜேர்மன் அவளுக்கு நன்றாக வந்தது. வகுப்பில் இன்னும் இரண்டு தமிழர் இருந்தார்கள். ஒருவர் மார்கரெட். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர், ஓய்வுபெற்ற தாதி, அறுபத்து மூன்று வயது. பரம்பரையாக லூத்தரன் சபை. "எங்க சபைய ஆரம்பிச்சவங்க ஜெர்மன்காரங்க. மேல போனா அவங்ககூடப் பேச வேண்டாமா?" என்று படிக்க வந்த காரணத்தைச் சொன்னார். மற்றவன் இளங்கீரன், திருச்சிப் பையன், இருபத்து மூன்று வயது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே காரில் சாப்பாடு விநியோகம் செய்தான். இங்கே ஒரு வருடம் கட்டுகிற பீஸுக்கு ஜேர்மனியில் படித்து முடித்து வீடும் வாங்கலாம் என்பது அவன் கணக்கு. மூவருக்கும் பொதுவாக இருந்தது தமிழும் பசியும். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து திறந்தே சிநேகிதராகிவிட்டார்கள்.

யோகாவுக்குக் கல்லூரி ஒரு மாணவர் அட்டை கொடுத்தது. படம் ஒட்டிய அட்டை. வகுப்பைவிட அதில்தான் அவளுக்குப் பெருமை. மருந்துக்கடை, மரக்கறிக்கடை, பல் வைத்தியர், எங்கே போனாலும் அதை நீட்டி, "ஸ்டூடண்ட்" என்பாள்.

தவணை முடிவில் ஹெல்கா சொன்னார்: "படித்த மொழியை அந்த நாட்டு மண்ணில் நின்று பேச வேண்டும்." மூவரும் விமான ரிக்கற் விலையைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்கள். அடுத்த கிழமை இளங்கீரன் போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, ஜெர்மனி கிடைச்சிருச்சு. ஆறு மணி நேரத்துல போயிரலாம். விசா வேணாம்."

சிட்னியிலிருந்து மெல்பேர்ன் போகும் ஹியூம் நெடுஞ்சாலையில் ஹோல்புரூக் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் பழைய பெயர் ஜேர்மன்டன். முதலாம் உலகப் போரில் ஜேர்மன் பெயர் வேண்டாம் என்று மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வல்லா வல்லா என்ற ஊர். ஜேர்மன் லூத்தரன்கள் வந்து குடியேறிய இடம், பெரிய தேவாலயம் உண்டு. அதையும் பார்த்துவிட்டு மெல்பேர்னுக்குப் போனால், மல்கிரேவில் மார்கரெட்டின் தங்கை வீட்டில் படுக்கலாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். கார் இளங்கீரனுடையது.

"வல்லா வல்லா ஜெர்மன் பேர் மாதிரி இல்லியே" என்றார் மார்கரெட்.

"பேரு பூர்வகுடி, ஆளு ஜெர்மன், ஆன்ட்டி."

வட்சப்பில் 'ஜெர்மனி டூர்' என்று ஒரு குழு தொடங்கினான். யூலை விடுமுறையில் வெள்ளிக்கிழமை புறப்படுவது என்று முடிவாயிற்று.

அன்று பின்னேரம் வீட்டில் வரதராஜா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். களஞ்சியசாலை ஒன்றில் மேற்பார்வையாளர். வேலையால் வந்தால் கதிரையும் ரீவியும்தான். யோகா குசினியில் நின்று பகிடியாகச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, வாற வெள்ளிக்கிழமை நாங்கள் வகுப்பாலை ஜேர்மனிக்குப் போறம்."

அவர் சிரிப்பார், 'உதென்ன விசர்க்கதை' என்பார், ஹோல்புரூக் கதையைச் சொல்லலாம் என்று காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. றிமோட்டை எடுத்து ரீவியை நிறுத்தினார். திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் ஜேர்மனிக்குப் போறீரோ? படிச்சுப்போட்டோ?"

"ஓம்... வகுப்பிலை எல்லாரும்..."

"என்ன கெட்டிக்காரி நீர்" என்றார் வரதராஜா. எழும்பி வந்து தன் கையால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். சீனி போட மறந்திருந்தார். அந்தத் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஹோல்புரூக்கைப் பற்றிச் சொல்ல யோகாவுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள்.

நாளைக்குள் சிட்னி முழுவதும் தெரிந்துவிட்டது. வரதராஜா கோயிலிலும் சொன்னார், கடையிலும் சொன்னார். ஜேர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கும் தன் தமையனுக்குப் போன் எடுத்தும் சொன்னார். பின்னேரம் வாசல் மணி அடித்தது. அதே நாட்டில் ஹம் நகரில் இருக்கும் பெறாமகளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒருவர் தைத்த சட்டை ஒன்றோடு நின்றார். பிறகு இரண்டு கிலோ மிளகாய்த்தூள் வந்தது. ஆட்டுத்தோல் சப்பாத்து மூன்று சோடி வந்தது. அவுஸ்திரேலியா வரைபட வடிவில் ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. தாஸ்மானியா தனியாக ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் யோகா வாயைத் திறப்பாள். ஒவ்வொரு தடவையும், "சரி, தாங்கோ" என்ற சொல்தான் வெளியே வரும்.

வியாழக்கிழமை விமலா வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள். கையில் பஞ்சு சுற்றிய ஒரு சின்ன டப்பா.

"அன்ரி, உங்களை விட்டால் எனக்கு ஆரும் இல்லை. இது அப்பான்ர பல்."

அவளுடைய தகப்பன் குணநாயகத்தார் டோர்ட்முண்டில் மகனோடு இருப்பவர். ஏப்ரலில் சிட்னிக்கு வந்து, திரும்பிப் போகும்போது மேல்வரிசைப் பல்செட்டைக் குளியலறைக் கோப்பைக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதமாகக் கஞ்சியும் சூப்பும். புதுப் பல் கட்டச் சொன்னால், 'இது என்ர வாய்க்குப் பழகின பல்' என்று அடம்.

"போஸ்ற்றிலை அனுப்பேலாதோ, பிள்ளை?"

"உடைஞ்சு போச்செண்டால், அன்ரி? இப்ப ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, என்ர பல் எப்பிடி இருக்குதெண்டு கேக்கிறார்."

யோகா டப்பாவை வாங்கினாள். மற்றச் சாமான்களையாவது எங்கேயாவது ஒளித்துவைத்து, பிறகு திருப்பிக் கொடுக்கலாம். பல்லை அப்படிச் செய்ய முடியாது. ஒரு மனுசன் அங்கே வாயைத் திறந்துகொண்டு பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை வரதராஜா தன் பெரிய குளிர் கோட்டை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டார். அங்கே இப்போது கோடை என்பது அவருக்கு மூளையில் ஓடவில்லை. அவளுக்கு ஓடியது, சொல்லவில்லை.

"பாஸ்போட் எடுத்தனீரோ?"

"எடுத்தனான்." உண்மைதான். கைப்பைக்குள் இருந்தது.

"எயாப்போட்டுக்கு நானும் வரட்டோ?"

"வேண்டாம். தம்பி கார் கொண்டு வாறான். நான் போட்டு வாறன்."

வரதராஜா வாசலில் நின்று கை அசைத்தார். கார் தெருவின் கடைசிவரை முன்னுக்குப் போய், வட்டச் சந்தியைச் சுற்றி, மறுபடியும் வீட்டு வாசலைக் கடந்து மற்றப் பக்கம் போனது. அவர் திரும்பவும் கை அசைத்தார்.

"ஏன் தம்பி இப்பிடிச் சுத்துறாய்?"

"ஆன்ட்டி, ஒரு சின்ன விஷயம்" என்றான் இளங்கீரன். "இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது. முன்னாடி மட்டும்தான் போகும். விலை குறைச்சுக் கொடுத்தாங்க."

"பின்னால போகணும்னா?" என்று கேட்டார் மார்கரெட்.

"போகக் கூடாது, ஆன்ட்டி. யோசிச்சு நிறுத்தணும். அவ்வளவுதான்."

மார்கரெட் சிலுவை போட்டுக்கொண்டார். யோகாவின் மடியில் பல், காலடியில் மிளகாய்த்தூள், பின்னால் ஆட்டுத்தோல். கோல்பேர்னில் ஒரு பிரமாண்டமான கொங்கிறீற் செம்மறியின் பக்கத்தில் நிறுத்தினார்கள். மார்கரெட் தேங்காய்ப்பாலில் செய்த நாசி லெமாக் சோறும் யோகாவின் புட்டும் இளங்கீரனின் புளியோதரையும் அங்கேயே பாதி முடிந்தன. பெற்றோல் நிலையத்தில் யோகா மாணவர் அட்டையை நீட்டினாள். கல்லாவில் இருந்தவர் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "குட் ஒன் யூ, லவ்" என்று மெச்சித் திருப்பிக் கொடுத்தார். சலுகை கிடைக்கவில்லை. யோகா சந்தோஷமாகத்தான் வந்து ஏறினாள்.

கார் ஓட ஓட அவள் பார்சல் கதை முழுவதையும் சொன்னாள். மார்கரெட் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடப்பாவமே! அப்ப உங்க வூட்டுக்காரர் நீங்க நிஜமாவே பிளேன்ல போறீங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரா?"

"ஓம், அக்கா."

"நீங்க ஒரு 'நைன்', இல்லைன்னு சொல்லியிருக்கலாம் லா. முதல் பாடத்துலயே சொல்லிக் கொடுத்தாங்களே."

"எழுதச் சொன்னால் எழுதுவன், அக்கா."

அப்போது டோர்ட்முண்டிலிருந்து வரதராஜாவின் தமையனின் மனைவி தனேஸ்வரி போனில் வந்தாள். அங்கே இன்னும் வியாழக்கிழமை முடியவில்லை. "யோகா, எந்த எயாப்போட்டிலை இறங்குறீர்? இவர் காரைக் கழுவி வைச்சிருக்கிறார். நான் ஆட்டிறைச்சிக்குச் சொல்லிப்போட்டன்." யோகா, "இன்னும் வழியிலைதான் மச்சாள், சிக்னல் இல்லை" என்றாள். அந்த நேரம் பார்த்துப் பாதையோரத்தில் ஒரு மாடு கத்தியது. "அதென்ன சத்தம்?" என்று தனேஸ்வரி கேட்க, யோகா போனை நிறுத்தினாள்.

மத்தியானம் ஹோல்புரூக் வந்தது.

ஊரின் நடுவில் ஒரு பூங்கா. பெயர் ஜேர்மன்டன் பூங்கா. பழைய பெயரில் அந்தப் பலகை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பூங்காவின் புல்லில், முழு நீளத்துக்கு, ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நின்றது. கறுப்பாக, பொய்யில்லாமல், தொண்ணூறு மீற்றர். கடல் அங்கிருந்து பல நூறு கிலோமீற்றர். ஜேர்மன் பெயரை எடுத்தபோது ஒரு பிரித்தானிய நீர்மூழ்கித் தளபதியின் பெயரை ஊருக்கு வைத்தார்களாம். பிறகு, பெயர் இருக்கிறது, கப்பல் இல்லையே என்று, கடற்படை கழித்துவிட்ட ஒன்றின் மேல்பாதியைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள்.

மூவரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரும் அப்படியே பார்த்தபடி போய், வேலிக் கட்டையில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் வேறு கார்கள்.

இளங்கீரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். "யோசிக்காம நிறுத்திட்டேன், ஆன்ட்டி."

முன்னால் நின்று பின்னுக்குத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. இளங்கீரன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மார்கரெட்டும் பெரிய கோட்டோடு யோகாவும் வேலிக்கும் காருக்கும் நடுவே புகுந்து தள்ளினார்கள். குளிர் காதைக் கடித்தது. கார் ஒரு சாணும் நகரவில்லை. ஆறு பேருடைய சொந்தக்காரரின் சாமான் அதற்குள் இருந்தது.

அந்த நேரம் பழைய வான் வண்டி ஒன்றிலிருந்து ஒரு பெடியனும் பெட்டையும் இறங்கி வந்தார்கள். இருபது வயது இருக்கும். வெயிலில் கருகிய முகம், கம்பளித் தொப்பி. ஒன்றும் கேட்காமல் வந்து தோள் கொடுத்தார்கள். கார் அசைந்தது. அந்தப் பெண் சத்தமாகச் சொன்னாள்: "லங்ஸாம், லங்ஸாம்!"

யோகாவுக்கு உடம்பு சிலிர்த்தது. லங்ஸாம் என்றால் மெதுவாக. நான்காம் பாடம்.

கார் வெளியே வந்ததும் அவள் கோட்டைச் சரிசெய்துகொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள். எத்தனையோ சொல்ல இருந்தது. எட்டு வாரத்தில் பிழையில்லாமல் மனப்பாடமாகியிருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதுதான் வந்தது.

"வோ இஸ்ட் டேர் பான்ஹோஃப்?"

புகையிரத நிலையம் எங்கே?

அந்தப் பெடியன் நீர்மூழ்கியைப் பார்த்தான், புல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு மிக மரியாதையாக, இந்த ஊரில் புகையிரத நிலையம் இல்லை என்று ஜேர்மனில் பதில் சொன்னான். யோகாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவர்கள் பெயர் ஜொனாஸ், லேனா. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருடம் லீவு போட்டு, அவுஸ்திரேலியா முழுவதும் தோடம்பழம் பிடுங்கி, வானில் படுத்து, குறைந்த செலவில் சுற்றுகிறார்கள். வீட்டு ஞாபகம் வந்து, வரைபடத்தில் ஜேர்மன்டன் பூங்கா என்று கண்டதால் ஒரு நல்ல பாண் துண்டாவது கிடைக்கும் என்று வந்திருக்கிறார்கள். நீர்மூழ்கிதான் கிடைத்தது. புதன்கிழமை சிட்னியிலிருந்து விமானம். போகிற ஊரின் பெயர் போக்கும்.

"போக்கும் எங்க இருக்கு?" என்று மார்கரெட் ஆங்கிலத்தில் கேட்டார்.

"டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில்" என்றான் ஜொனாஸ்.

மார்கரெட் யோகாவின் விலாவில் இடித்தார். "பல்லைப் பத்திப் பேசுங்க லா! ஜெர்மன்லயே பேசுங்க, அப்பதான் மனசு இரங்குவாங்க."

யோகா காருக்குப் போய் டப்பாவை எடுத்து வந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இஹ் ஹாபெ ட்சேனெ" என்றாள். என்னிடம் பற்கள் இருக்கின்றன.

லேனா மெதுவாக ஓரடி பின்னால் வைத்தாள்.

"நிஹ்ட் மைனெ." என்னுடையவை அல்ல. தன்னுடையவை எங்கே இருக்கின்றன என்று வாயைத் திறந்து காட்டவும் செய்தாள். பிறகு டப்பாவைத் திறந்தாள். நீர்மூழ்கியின் நிழலில், பஞ்சின்மேல், குணநாயகத்தாரின் மேல்வரிசை சிரித்தது.

"டீ ட்சேனெ முஸ்ஸென் நாஹ் டோர்ட்முண்ட்."

பற்கள் டோர்ட்முண்டுக்குப் போக வேண்டும்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருடமாகப் பயணம் செய்தும் இப்படி ஒன்றை அவர்கள் கேள்விப்பட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இளங்கீரன் வந்து ஆங்கிலத்தில் முழுக்கதையையும் சொன்னான். லேனா சிரிக்கவில்லை. "மூன்று மாதமாகச் சூப்பா?" என்று கேட்டாள். தன் பையிலிருந்து சுத்தமான கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்து, டப்பாவை அதற்குள் வைத்து முடிச்சுப் போட்டாள்.

கூடாரம், கதிரை, சட்டி எல்லாவற்றையும் விற்றுவிட்டதால் அவர்களுடைய பெட்டிகளில் இடம் இருந்தது. சட்டை, ஆட்டுத்தோல், கடிகாரம் எல்லாம் விலாசங்களோடு ஏறின. தாஸ்மானியாவை மட்டும் ஜொனாஸ் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மிளகாய்த்தூளைச் சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். பதிலுக்கு யோகா மிஞ்சிய புட்டையும் சம்பலையும் கொடுத்தாள். அவர்கள் வானின் படியில் இருந்து, மூக்கும் கண்ணும் ஓட ஓடச் சாப்பிட்டார்கள்.

"அங்கே போய்ச் சொல்லுங்கோ" என்று யோகா ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் இரண்டு தரம் சொன்னாள். "யோகா ஜேர்மனிக்கு வரேல்லை எண்டு."

"சொல்கிறோம்" என்றாள் லேனா.

வல்லா வல்லாவில் தேவாலயம் பூட்டியிருந்தது. மார்கரெட் வெளியே நின்றே தமிழில் ஜெபித்தார். புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, ஓடிப்போய்த் திறப்பு வாங்கிவந்தார். மலேசியாவிலும் லூத்தரன் சபை உண்டு என்று அவருக்குத் தெரியாது. மார்கரெட் அவரிடம் ஜேர்மனில் பேசத் தொடங்க, தன் குடும்பத்தில் ஜேர்மன் பேசிய கடைசி ஆள் செத்து நாற்பது வருடம், தனக்குத் தெரிந்தது நாயைக் கூப்பிடுகிற சொல் ஒன்றுதான் என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லையும் மார்கரெட் கேட்டு எழுதிக்கொண்டார்.

மல்கிரேவில் மூன்று இரவு படுத்து, திங்கட்கிழமை பின்னேரம் யோகா வீட்டுக்கு வந்தாள். வரதராஜா வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்.

"நாலு நாளிலை போட்டு வந்திட்டீரோ!" என்றார். "இப்பத்தைப் பிளேன் எல்லாம் சரியான கெதி."

அவள் போனில் இருந்த படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். அவர் நீர்மூழ்கியைக் கண்டதும், "உது ஜேர்மனியிலை கீல் துறைமுகம்தானே" என்று போனைப் பறித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து டோர்ட்முண்டிலிருந்து தமையன் போன் எடுத்தார். குரலில் கொதிப்பு. ஒரு வெள்ளைக்காரப் பெட்டை சாமான்களோடு வீட்டுக்கு வந்தாளாம். யோகா எங்கே என்று கேட்டதற்கு, "யோகா கொம்ட் நிஹ்ட்" என்றாளாம். யோகா வரமாட்டா. "ஊருக்குள்ளை வந்து நிண்டுகொண்டு, எங்கட வீட்டுப் படி ஏறமாட்டன் எண்டு ஆள் விட்டுச் சொல்லுறாவோ உன்ர மனுசி? ஆட்டிறைச்சி எல்லாம் வாங்கி வைச்சனாங்கள்!"

வரதராஜா போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். இந்த முறை யோகா அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லி, கதவைச் சாத்தி, விதையிலிருந்து பல் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னாள். முடிந்ததும் அவர் கேட்டார்:

"பாஸ்போட்?"

"கைப்பைக்குள்ளை இருந்தது."

"என்ர கோட்?"

"போட்டனான். நல்லாய் உதவினது. அங்கை சரியான குளிர்."

"நீர்மூழ்கி?"

"அது உண்மை. புல்லு நடுவிலை நிக்குது."

"எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். நீங்கள் ரீவியை நிப்பாட்டினீங்கள். இருபத்தாறு வருசத்திலை நான் கதைக்கேக்கை நீங்கள் ரீவியை நிப்பாட்டினது அதுதான் முதல்தரம். எனக்கு அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

வரதராஜா எழும்பிப் பின்வளவுக்குப் போய், வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடுத்த நாள் வேலையால் வந்து கைகால் கழுவி, போனை எடுத்தார். பார்சல் தந்தவர்களின் பட்டியல் ஒன்று எழுதி வைத்திருந்தார். தான் சொன்னதைத் தானே திருத்துவது என்று முடிவு செய்துவிட்டார்.

ஒருவரும் நம்பவில்லை.

"அங்கிள், அப்பான்ர பல் போய்ச் சேர்ந்திட்டுது" என்றாள் விமலா. "பல் தானாய் நடந்தே போனது? அன்ரி ஏன் இப்பிடி அடக்கமாய் இருக்கிறா?"

சட்டை கொடுத்தவர், யோகா அங்கே யாரோடோ கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது, அதை மறைக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தார். கடிகாரம் கொடுத்தவர் தாஸ்மானியாவைக் காணவில்லை என்று முறைப்பாடு சொன்னார்.

நம்பியவர் ஒருவர்தான். குணநாயகத்தார் வீடியோவில் வந்தார். முறுக்கு ஒன்றைக் கடித்துக் காட்டினார். "பிள்ளை, அந்தப் பெட்டை எனக்கு எல்லாம் விளக்கமாய்ச் சொன்னவள். நீர் கப்பலுக்குப் பக்கத்திலை நிண்டு என்ர பல்லைக் காட்டினீராம். இப்ப ஞாயிற்றுக்கிழமையிலை இஞ்சை கொத்து ரொட்டி சாப்பிட வாறவள். உறைப்புக் காணாதாம்."

இளங்கீரனுக்கு ஜேர்மனியில் இடம் கிடைத்தது. செப்ரெம்பரில் புறப்பட்டான். காரை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. மார்கரெட்டும் யோகாவும் இரண்டாம் நிலை வகுப்பில் சேர்ந்தார்கள். இம்முறை யோகா வேண்டுமென்றே சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் வரதராஜாதான் கொண்டுபோய் விடுகிறார். வகுப்பு முடியும்வரை காருக்குள் இருந்து டோர்ட்முண்டோடு கதைக்கிறார்.

சென்ற சனிக்கிழமை அவள் வெளியே வரும்போது கார்க் கண்ணாடி இறக்கியிருந்தது. தமையனோடு பெரிய சண்டை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணை, நான் எத்தினை தரம் சொல்லுறது? அவ வரேல்லை! ஜேர்மனிப் பக்கமே வரேல்லை! ஓம், நீர்மூழ்கி புல்லுக்கைதான் நிக்குது! என்ர மனுசி கண்ணாலை பார்த்தவ. அவ சொன்னால் சரி. நீங்கள் நம்பாட்டி விடுங்கோ!"

யோகா மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"இஞ்சை, அந்தக் கப்பல் எத்தினை மீற்றர் எண்டனீர்?"

"தொண்ணூறு" என்றாள் யோகா.

"தொண்ணூறு!" என்று வரதராஜா போனுக்குள் கத்தினார்.